தொடாதேன்னு சொல்ற வேலையா பாப்பா?

குழு: கொண்டலாம்பட்டி வீடு

மே மாசம், திங்கள் காலை

பெரியப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

பெரியப்பா: (அதே ரோஜாப்பூ)

அம்மா: பாப்பா ஏதோ சொல்லணும்ங்கறா. எல்லாரும் இருக்கீங்களா

நான்: ரெண்டாம் வருஷம் முடிஞ்ச லீவுல இன்டர்ன்ஷிப் போகணும்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. ரெண்டு கிரெடிட். நான் மியூசியத்துல கேட்டிருந்தேன். துறைத் தலைவர் கையெழுத்து போட்ட லெட்டரைப் பார்த்துட்டு காப்பாட்சியர், அதான் மியூசியத்தைப் பார்த்துக்கற அதிகாரி, வரச் சொல்லிட்டாங்க. நாளைல இருந்து போறேன்

பெரியப்பா: எந்த மியூசியம்

நான்: நம்ம சேலம் அரசு அருங்காட்சியகம்தான் பெரியப்பா

பெரியப்பா: சேலத்துல மியூசியம் இருக்கா??

பெரியப்பா: 58 வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன்

குகை மாமா: இருக்குங்க. நான் ஒருக்கா போனேன். வெள்ளிக்கிழமை. பூட்டியிருந்துச்சு

நான்: வெள்ளிக்கிழமை வார லீவு மாமா. எழும்பூர் மியூசியமும் அப்படித்தான்

குகை மாமா: அது தெரியாம ரெண்டு பஸ் மாறிப் போனேன். வந்ததுக்கு ஒரு தட்டுவடை செட் தின்னுட்டுத் திரும்பினேன்

பெரியப்பா: சம்பளம் எவ்வளவு

நான்: சம்பளம் இல்ல பெரியப்பா. சர்டிபிகேட் தருவாங்க

பெரியப்பா: பஸ் காசு?

அம்மா: டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்களே

பெரியப்பா: செவ்வாய்ப்பேட்டைல நமக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் ஆபீஸ் இருக்கு. மாசம் 5,000 தருவாங்க. டேலி கத்துக்கலாம்

நான்: நான் படிக்கிறது வரலாறு பெரியப்பா

பெரியப்பா: அதனாலதான் சொல்றேன்

சென்னை அண்ணா: அங்க போய் என்ன பண்ணுவ? "தொடாதே தொடாதே"ன்னு சொல்றதா வேலை?

நான்: அதுக்கு காவலர் இருக்காரு. நான் வர்ற பசங்களுக்குப் பொருளைக் காட்டிப் புரிய வைக்கணும். அவங்களுக்கு ஏத்த மாதிரி குறிப்பு எழுதணும், விளையாட்டுத் தாள் தயார் பண்ணணும். மே 18 உலக அருங்காட்சியக நாள், அன்னைக்கு ஒரு நிகழ்ச்சி வேற

சென்னை அண்ணா: அட, இங்க முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுல என் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி இதேதான் பண்ணா. செட்டிநாட்டு வீடு ஒண்ணைப் பிரிச்சுக் கொண்டாந்து அங்க திருப்பிக் கட்டியிருக்காங்க. அதோட திண்ணையில உட்கார்ந்து ஸ்கூல் பசங்களுக்குக் கதை சொல்லுவா

அத்தை: ஒரு வீட்டையே தூக்கிட்டு வந்தாங்களா

அப்பாயி (குரல் பதிவு, அம்மா தட்டச்சு): வெயில்ல போகாத கண்ணு. நீர்மோர் குடிச்சிட்டுப் போ

செவ்வாய் இரவு

அம்மா: பாப்பா வந்ததுல இருந்து யார்கிட்டயும் பேசல

நான்: பேசறேன்மா

நான்: கோடை முகாம்ல இருந்து 38 பசங்க வந்தாங்க. எல்லாம் அஞ்சாவது, ஆறாவது. நான் நடுகல் பத்தி நாலு பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். ஆநிரை கவர்ற வெட்சி, அதை மீட்கிற கரந்தை எல்லாம் இருந்துச்சு. மூணு நிமிஷம்தான். ஒருத்தன் பாத்ரூம் எங்கன்னு கேட்டான். அவன் பின்னாடியே பதினோரு பேர் கிளம்பிட்டாங்க

குகை மாமா: எங்க ஆபீஸ் மீட்டிங் மாதிரியே இருக்கு

நான்: காப்பாட்சியர் தூரத்துல நின்னு பார்த்துட்டு இருந்தாங்க மாமா. எனக்கு அழுகையே வந்துருச்சு. திட்டுவாங்கன்னு நினைச்சேன். "பத்துப் பத்துப் பேரா பிரி. கல்லு முன்னாடி உட்கார வை. நீ ஒண்ணும் சொல்லாத, கேளு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க

அத்தை: கேக்கறதுன்னா? பரீட்சை மாதிரியா

நான்: இல்ல அத்தை. என்ன தெரியுதுன்னுதான். அது புலியோட சண்டை போட்டுச் செத்த வீரனோட கல்லு. "இந்த ஆளு கையில என்ன இருக்கு"ன்னு கேட்டேன். கத்தின்னாங்க. கத்தி எங்க போகுது? புலி வாய்க்குள்ள. ஒரு பொண்ணு, "புலி ஏன்க்கா சிரிக்குது"ன்னா. நிஜமாவே சிரிக்கிற மாதிரிதான் இருக்கு. நாலு பக்கம் எழுதின நான் அதைப் பார்க்கவே இல்ல

நான்: அப்புறம் "யாரு ஜெயிச்சா"ன்னு கேட்டேன். பாதிப் பேர் புலி, பாதிப் பேர் ஆளுன்னு ஒரே சத்தம். பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பையன் எந்திரிச்சு, "ஆளும் செத்துட்டாருக்கா. செத்ததனாலதானே கல்லு வச்சிருக்காங்க"ன்னான்

நான்: நாலு பக்கத்துல நான் சொல்ல வந்ததே அதுதான்

சென்னை அண்ணா: அந்தப் பையனுக்கு சர்டிபிகேட் குடுத்துருங்க

அப்பாயி (குரல் பதிவு, அம்மா தட்டச்சு): புலி எங்க காலத்துலயும் கீழ இறங்கும்னு சொல்லுவாங்க கண்ணு. எங்கய்யன் சொன்ன கதை இருக்கு, வா சொல்றேன்

பெரியப்பா: அதெல்லாம் சரி. இதுல வேலை கிடைக்குமா

நான்: காப்பாட்சியர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியா எடுக்கறாங்க பெரியப்பா

பெரியப்பா: அரசாங்க வேலையா

நான்: ஆமாங்க. ஆனா இடம் ரொம்பக் கம்மி, எப்பவாவதுதான் அறிவிப்பு வரும். அருங்காட்சியகவியல்னு முதுகலை இருக்கு. பரோடா பல்கலைக்கழகத்துல 1952-லயே அதுக்குத் துறை ஆரம்பிச்சுட்டாங்க

அம்மா: பரோடா பேச்சே வேண்டாம். மொதல்ல டிகிரி முடி

நான்: பெரியப்பா, நீங்க நேத்து சம்பளம் கேட்டீங்களே, அது நியாயமான கேள்விதான். என் கிளாஸ்ல இன்னொரு பொண்ணும் இதுக்கு ஆசைப்பட்டா. கல்வெட்டு என்னைவிட நல்லாப் படிப்பா. லீவுல ஜவ்வரிசி ஆலைக்குக் கூலிக்குப் போனாத்தான் அடுத்த செமஸ்டர் பீஸ் கட்ட முடியும், அதனால வரல. எனக்கு வீட்ல டிபன் கட்டித் தர்றீங்க, அதனால போக முடியுது. காசில்லாத இன்டர்ன்ஷிப்னா அப்படித்தான் ஆகுது

பெரியப்பா: ம்

புதன்

ஏற்காடு சித்தி: இப்பதான் டவர் கிடைச்சுது. மலர்க் கண்காட்சிக் கூட்டம், 20 கொண்டை ஊசியிலயும் வண்டி நிக்குது. பாப்பா, கல்லுன்னதும் ஞாபகம் வந்துச்சு. எங்க காபித் தோட்டத்துக்கு மேல ஒரு பிள்ளையார் இருக்கு. அது முன்னாடி உள்ளங்கை நீளத்துக்கு வழவழன்னு நாலஞ்சு கல்லு நட்டு வச்சிருக்காங்க. ஒரு பக்கம் கூரா இருக்கும். இடி விழுந்தப்போ வானத்துல இருந்து வந்த கல்லுன்னு இங்க சொல்லுவாங்க

ஏற்காடு சித்தி: (போட்டோ)

நான்: சித்தி!!!! அது புதிய கற்காலக் கோடாரி

ஏற்காடு சித்தி: கோடாரியா? குங்குமம் வச்சுக் கும்பிடறோமே

நான்: தேய்ச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கி, மரக் கைப்பிடியில கட்டி வெட்டியிருக்காங்க. இரும்பு வர்றதுக்கு முன்னாடி. பிற்காலத்துல மண்ணுல கிடைச்சப்போ எதுக்குன்னு தெரியாம சாமி கல்லா வச்சுக்கிட்டாங்க. சேர்வராயன் மலையில இது நிறைய உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒருத்தர், நிலவியல்காரர். 1863-ல பல்லாவரத்துல பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தவரு. ரிட்டயர் ஆகி உங்க ஏற்காட்டுலதான் குடியிருந்தாரு. அவர் சேர்த்த கல்லெல்லாம் 1904-ல சென்னை மியூசியத்துக்குப் போச்சு, அதுல சேர்வராயன் மலைக் கல்லும் உண்டு

ஏற்காடு சித்தி: ஏற்காட்டுக்காரரா! இது தெரியாம இத்தனை வருஷம் எண்ணெய் தடவிட்டு இருந்தேன்

குகை மாமா: வித்தா எவ்வளவு வரும்

அத்தை: உங்களுக்கு வேற நினைப்பே வராதா

நான்: விக்கக் கூடாது மாமா. மண்ணுக்குள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-லயே சட்டம் இருக்கு

சென்னை அண்ணா: அப்ப எடுத்துட்டு வந்து மியூசியத்துல வச்சுரலாமே

நான்: வேண்டாம்ணா. அது ஊர் சாமி. இடத்தை விட்டு எடுத்தா எங்க கிடைச்சதுங்கற பாதிக் கதை போயிரும். சித்தி, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு இன்னொரு போட்டோ எடுங்க, ஊர்ல பெரியவங்க சொல்ற கதையையும் பதிவு பண்ணி அனுப்புங்க. நான் காப்பாட்சியர்கிட்ட காட்டறேன். பசங்களுக்கு அந்தக் கதையும் வேணும். இடி கல்லுன்னு நம்பினதும் வரலாறுதானே

ஏற்காடு சித்தி: ஸ்கேல் இல்ல கண்ணு. தீப்பெட்டி வச்சா போதுமா

நான்: தாராளமா

சனி

நான்: ஒரு உதவி வேணும். 18-ஆம் தேதி "தொட்டுப் பார்" மேஜை ஒண்ணு போடப் போறோம். உள்ள இருக்கற பொருளைத் தொடக் கூடாது, கை வேர்வையும் எண்ணெயும் கல்லு, உலோகம் எல்லாத்தையும் கெடுத்துரும். அதனால தொடறதுக்குன்னு தனியா பொருள் வேணும். சேலத்துக்காரங்க கையால செய்யறதா இருந்தா நல்லதுன்னாங்க. எனக்குப் பெரியப்பாவோட வெள்ளிக் கொலுசுப் பட்டறைதான் ஞாபகம் வந்துச்சு

பெரியப்பா: கொலுசு கடையில கிடைக்குதே. மியூசியத்துல எதுக்கு

நான்: முழுக் கொலுசு வேண்டாம் பெரியப்பா. கட்டி வெள்ளி, கம்பி, வளையம், ஒட்டு வச்சது, மெருகு போட்டதுன்னு வரிசையா. பசங்க அதைக் கலைச்சுப் போட்டு, எது முதல்ல எது அப்புறம்னு அடுக்கணும்

(ரெண்டு மணி நேரம் யாரும் பேசல)

பெரியப்பா: (குரல் பதிவு, 4 நிமிடம்)

பெரியப்பா: (குரல் பதிவு, 6 நிமிடம்)

பெரியப்பா: நீ சொன்ன வரிசையில ரெண்டு விட்டுப் போச்சு. உருக்கி வார்க்கறது எங்க? சலங்கை வைக்கறது எங்க? தப்பா சொல்லிக் குடுத்தா ஊரே சிரிக்கும்

சென்னை அண்ணா: அப்பா என்கிட்ட இத்தனை வருஷத்துல ஆறு நிமிஷம் பேசினதே இல்ல

பெரியப்பா: நீ கேட்டியா

பெரியப்பா: பாப்பா, எடை போட்டுத்தான் தருவேன். எல்லாம் சேர்ந்து 42 கிராம். திரும்பி வரும்போதும் 42 இருக்கணும். நான் சொன்னதை எழுதி அனுப்பு, சரியான்னு பார்க்கறேன்

நான்: அட்டைக்கு எழுதினது: "வெள்ளியை உருக்கி வார்த்து, கம்பியாக இழுத்து, வளையங்களாக்கி, பற்றவைத்து, சலங்கை கோத்து, மெருகேற்றினால் கொலுசு." அப்பாயிக்குப் படிச்சுக் காட்டினேன். அப்பாயிக்குப் புரிஞ்சாத்தான் அட்டை மாட்டுவேன், என்னோட பரீட்சை அதுதான்

அப்பாயி (குரல் பதிவு, அம்மா தட்டச்சு): புரிஞ்சுது. ஆனா செய்யறவன் பேரு எங்க?

நான்: அதுவும் சரிதான் அப்பாயி. "செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்கள் செய்தது"ன்னு சேர்த்துட்டேன்

19-ஆம் தேதி காலை

அம்மா: நேத்து நல்ல கூட்டம். உங்க பெரியப்பா மேஜையை விட்டு நகரவே இல்ல. ஒரு பையன் கம்பியை வாயில வச்சுட்டான், அவனைத் திட்டிட்டு அவன்கிட்டயே அரை மணி நேரம் கதை

பெரியப்பா: அந்தப் பையன் மட்டும்தான் வரிசையைச் சரியா அடுக்கினான்

பெரியப்பா: எடை போட்டேன். 42. ஆனா எல்லாம் மங்கிப் போச்சு

நான்: அத்தனை கை பட்டிருக்கு பெரியப்பா. இதுக்குத்தான் உள்ள தொடாதேன்னு எழுதி வச்சிருக்காங்க

பெரியப்பா: பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசினா பளபளன்னு வந்துரும். அடுத்த தடவைக்கு செப்புக் கம்பியில செஞ்சு தரேன், அதுக்கு எடை போட வேண்டாம்

ஏற்காடு சித்தி: (போட்டோ) தீப்பெட்டியோட எடுத்தாச்சு. மழை ஆரம்பிச்சுருச்சு, கதை ராத்திரி அனுப்பறேன்

குகை மாமா: எல்லாரும் சொல்றதைக் கேட்டா எனக்கும் ஆசையா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல லீவு சொல்லிட்டேன். மியூசியம் போலாமா

அத்தை: என்னங்க...