காக்டெய்ல் அளவுகளை மில்லிக்கு மாற்ற உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பல இடங்களிலிருந்து சேர்த்த காக்டெய்ல் செய்முறைகளை ஒரே அளவுமுறைக்கு, அதாவது மில்லிலிட்டருக்கு, மாற்றிக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் முடிவெடுக்க முடியவில்லை.

அவுன்ஸ் பெரிய சிக்கல் இல்லை. அமெரிக்க அவுன்ஸ் 29.57 மில்லி, பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.41. இரண்டையும் 30 என்றே வைத்துக்கொள்கிறேன். எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் கூடுவதால் சுவை கெடாது.

தலைவலி தருவது 'ஒரு டேஷ் பிட்டர்ஸ்' (கசப்புச் சாரம் உள்ள பாட்டிலை ஒருமுறை உதறினால் விழும் அளவு), 'ஒரு பார் ஸ்பூன்' (காக்டெய்ல் கலக்கும் நீளக் கரண்டி), 'அரை எலுமிச்சைச் சாறு' போன்றவைதான். டேஷுக்கு 0.8 மில்லி என்று சிலர், 1 மில்லி என்று சிலர். பாட்டிலின் துளையைப் பொறுத்தும், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அது மாறுகிறது. பார் ஸ்பூன் 2.5 முதல் 5 மில்லி வரை பிடிக்கிறது. பழத்தின் அளவைச் சொல்லவே வேண்டாம். டைக்கிரியில் (ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு சேர்ந்த காக்டெய்ல்) சாறு 5 மில்லி கூடினாலே புளிப்பு தூக்கலாகிவிடும். சர்க்கரைப் பாகில் சர்க்கரையும் தண்ணீரும் 1:1 விகிதமா 2:1 விகிதமா என்று பல செய்முறைகள் சொல்வதே இல்லை.

பாரில் வேலை செய்பவர்கள், வீட்டில் அளந்து கலப்பவர்கள் சொல்லுங்கள்: டேஷை மில்லியில் எழுதுவீர்களா, அப்படியே விட்டுவிடுவீர்களா? பாகின் விகிதம் இல்லாத செய்முறையில் எதை எடுத்துக்கொள்வீர்கள்? அரைப் பழச் சாற்றுக்கு 15 மில்லி என்று போடலாமா?