லயத்து வீட்டைப் பார்க்க அதிகாரி வந்தாரா? உங்கள் எஸ்டேட்டில் நடந்ததை எழுதுங்கள்

குண்டளைக்காரி:

தேயிலைத் தோட்டத்தில் லயம் என்று சொல்லும் வரிசை வீடு, தண்ணீர், கக்கூஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் எல்லாமே கம்பெனி கையில். அதை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே அதற்கு இன்ஸ்பெக்டர்களைப் போடச் சொன்னது. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்ஸ்பெக்டர் வந்தபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

எங்கள் டிவிஷனில் அவர் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஜீப் ரோட்டைப் பார்த்த லயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஓடையில் பிளீச்சிங் பவுடர் விழும், கிரெஷுக்குப் புதுப் பாய் வரும். பெண்கள் எல்லாரும் கொழுந்துக்காட்டில் இருக்கும் நேரத்தில் வந்து, பூட்டிய கதவுகளை வெளியே நின்று பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். மேல் லயத்துக்கு யாரும் ஏறியதில்லை. நாங்கள் இருந்தது அங்கேதான். ஜூன் பிறந்தால் கட்டிலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டுவோம். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கும், ராத்திரியில் அம்மா எழுந்து விறகுக் குச்சியால் அதை ஓரமாக முட்டித் தள்ளுவார். ரேஷன் கார்டும் என் பள்ளிச் சான்றிதழ்களும் அரிசி டிரம்முக்குள் இருக்கும். வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு தடவை வேறு மாதிரி நடந்தது. புதிதாக மாற்றலாகி வந்த ஒரு மலையாளத்து அம்மா, யாரிடமும் சொல்லாமல், கொழுந்து நிறுவை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய நேரத்தில் வந்தார். எங்கள் வாசலில் நின்று, "அக்கா, பைப்பிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணி பிடிச்சுக் கொடுங்க" என்று தமிழில் கேட்டார். வாங்கியதைக் குடிக்கவில்லை, திண்ணையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் அடியில் மணலும் இலைத்தூளும் படிந்துவிட்டன. அப்புறம் பெண்களையே வழிகாட்டச் சொல்லி, பைப்பு போன போக்கில் மேலே ஏறினார். மூடியில்லாத டேங்கில் இலையும் சருகும் அழுகிக் கிடந்தன. மூடியும் புதுப் பைப்பும் வந்தன. கூரை விஷயத்தை எடுப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. கொழுந்தெடுக்கும் நேரத்தில் வந்து போவதை வீட்டு ஆய்வு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பீர்மேட்டுப் பிள்ளை:

அக்கா, சாயங்காலம் வந்தாலும் எங்கள் பக்கம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு. அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணம் வந்தால்தான் வெளியே வாடகைக்காவது போக முடியும். பணம் வர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1972-ம் வருடத்துச் சட்டமே சொன்னது. கடைசியில் என் தம்பி படிப்பை நிறுத்திவிட்டு எஸ்டேட்டில் தற்காலிகமாகச் சேர்ந்தான், வீட்டைத் தக்கவைக்க. இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவரிடம் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால் என்ன சொல்வார்?

இன்னொன்று. 2000-க்குப் பிறகு எங்கள் பக்கம் பல தோட்டங்களை முதலாளிகள் பூட்டிவிட்டுப் போனார்கள். சனங்கள் லயத்திலேயே இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் கொடுக்க நினைத்தாலும் வாங்க ஆள் இல்லை. அந்த மாதிரி இடத்தில் வீட்டைப் பழுதுபார்ப்பதை அரசாங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழி கிடையாது.

போடி வாத்தியார்:

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர். கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. வெளியே சேதி வந்து சேர விடிந்துவிட்டது. செத்தவர்களில் நிறையப் பேருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். ஆய்வு என்றால் சுவரையும் கூரையையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. லயத்துக்கு மேலே இருக்கும் சரிவையும் ஓடையையும் யார் பார்த்தார்கள்? ராத்திரியில் ஆபத்து வந்தால் சேதி சொல்ல வழி இருக்கிறதா என்று யார் கேட்டார்கள்? ஆய்வுப் படிவத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். கம்பெனி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளிக்கோ குடும்பத்துக்கோ உயிர்ச்சேதம், காயம் என்றால் முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1981-ல் அந்தத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் சேர்த்தார்கள். குடியிருப்பவர் தவறாலோ இயற்கைச் சீற்றத்தாலோ மட்டுமே இடிந்ததென்றால் அது பொருந்தாது. இடிந்தால் மழைமேல் பழி போடுவது சுலபம். "சுவர் விரிசல் விட்டிருக்கிறது" என்று முன்பே தேதி போட்டுக் கொடுத்த மனுவின் நகல் கையில் இருந்தால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. மலையாளத்தில் எழுதத் தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதுங்கள் தம்பி, போட்டோவும் சேர்த்து.

பூப்பாறைக்காரன்:

இப்போது எங்கள் லயத்தில் பாதி ஜார்கண்ட், அஸ்ஸாம் குடும்பங்கள். அதிகாரி மலையாளத்தில் கேட்கிறார், சூப்பர்வைசர் தமிழில் சொல்கிறார், அவர்கள் சும்மா தலையாட்டுகிறார்கள். போன மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக நானே எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். கக்கூஸ் கதவு இல்லாததால் விடிவதற்குள் எழுந்து போகிறேன் என்றாள். அதுவரைக்கும் அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

குண்டளைக்காரி:

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்புக்குள் பழைய தோட்டச் சட்டமும் போய்விட்டது, 2025 நவம்பர் 21-ல் அது நடைமுறைக்கு வந்தது. வீடு, குடிநீர், கழிப்பறை, கிரெஷ் எல்லாம் அதிலும் இருக்கின்றன. எங்கே ஆய்வுக்குப் போவது என்று கம்ப்யூட்டர் வழியாகத் தேர்ந்தெடுக்கவும் அதில் இடம் உண்டு. தோட்டத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொடுக்கட்டும். எந்த லயத்துக்கு எத்தனை மணிக்கு என்பதை ஆபீஸ் முடிவு செய்யக் கூடாது. எங்கள் டிவிஷன் பெண்கள் நேரத்தையும் மேல் லயத்தின் பெயரையும் போட்டு மனு எழுதியிருக்கிறார்கள். பூப்பாறைத் தம்பி, உங்கள் லயத்துக்கும் அதன் நகலை அனுப்புகிறேன். அந்தப் பெண்ணையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.