‘தெர்மல் ரன்அவே’: ‘வெப்ப ஓட்டம்’ வேண்டாம், ‘வெப்பக் கட்டுமீறல்’ எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உல்லாசப் படகுகளில் மின்கலத்தால் இயங்கும் நீர்ச்சறுக்குப் பலகை, நீந்துபவரை நீருக்கடியில் இழுத்துச் செல்லும் உந்தி போன்றவற்றை வைப்பதற்கான தீப்பாதுகாப்பு குறித்து, பிரிட்டனின் கடல்சார், கடலோரக் காவல் முகமை எம்ஜிஎன் 681 என்னும் வழிகாட்டுக் குறிப்பை வெளியிட்டிருக்கிறது. அத்தகைய குறிப்பைத் தமிழில் எழுத முனைவோர் முதலில் இடறும் இடம் ‘தெர்மல் ரன்அவே’ (thermal runaway), அதாவது மின்கலம் தன்னைத்தானே கட்டுக்கடங்காமல் சூடாக்கிக்கொள்ளும் நிலை.

சென்ற மடலில் நண்பர் இதற்குத் தமிழாக முன்மொழிந்த ‘வெப்ப ஓட்டம்’, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் செல்வதையே நினைவூட்டுகிறது. ‘வெப்பத் தப்பியோட்டம்’ அதைவிடத் தவறானது. வெப்பம் தப்பி ஓடிவிட்டால் பொருள் ஆறிவிடும் அல்லவா? இங்கு நடப்பதோ நேர்மாறு.

அடிபட்டோ, உப்புநீர் புகுந்தோ, மிகையாக மின்னேற்றம் பெற்றோ சூடாகும் லித்தியம் அயனி மின்கலம், ஒரு கட்டத்துக்குப் பின் தன் வேதிவினைகளாலேயே மேலும் சூடாகிறது. ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் அதன் இரு மின்முனைகளையும் பிரித்துவைக்கும் பாலிஎதிலீன் தாள் உருகுகிறது. மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டு உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. நிக்கல், கோபால்ட் ஆக்சைடு கொண்ட நேர்முனை சிதைந்து ஆக்சிஜனையும் வெளிவிடுகிறது. வெப்பம் வினையை விரைவாக்க, வினை வெப்பத்தைப் பெருக்க, எது எதைத் தூண்டுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது.

ஆகவே ‘தீப்பற்றல்’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவதும் சரியாகாது. அதைப் படிக்கும் மாலுமி, காற்றை அடைத்தால் போதும் என்று எண்ணி, கதவைச் சாத்திக் கரியமில வாயுவைத் திறந்துவிடுவார். சுடர் அணையலாம், மின்கலத்தின் சூடு தணியாது. ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மூடிய அறையில் தேங்கி வெடிக்கவும் கூடும். நிறையத் தண்ணீரால் நெடுநேரம் குளிர்விப்பதே வழி. அதன் பிறகும் சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து மீண்டும் பற்றிக்கொள்வது உண்டு.

எனவே என் பரிந்துரை ‘வெப்பக் கட்டுமீறல்’. ‘விதிமீறல்’ போலக் குற்றச்சாட்டாக ஒலிக்கிறதே என்று சிலர் கேட்கலாம்; ‘நிலைமை கட்டுமீறிப் போய்விட்டது’ என்று நாம் இயல்பாகச் சொல்வதை நினைத்துப் பார்த்தால் அந்த ஐயம் எழாது. வினையாகவும் இது வளைந்துகொடுக்கும்: ‘ஒரு மின்கலம் கட்டுமீறினால் அடுத்ததும் கட்டுமீறும்.’ இதற்கு முந்தைய நிலையைத் ‘தன்வெப்பேற்றம்’ எனலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘கலம்’ கப்பலையும் குறிக்கும், ‘மின்கலம்’ என்பதன் சுருக்கமாகவும் வரும். ‘கலத்தில் புகை கண்டால்’ என்று எழுதினால் படகிலா, பேட்டரியிலா? இவ்வகை ஆவணங்களில் ‘மின்கலம்’ என்பதை ஒருபோதும் சுருக்கக் கூடாது. நீரில் செல்வதைப் ‘படகு’ என்றே எழுத வேண்டும். பழஞ்சொல்லின் அழகை இங்கே விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தம்தான்.

அறைக் கதவில் ஒட்டும் எச்சரிக்கையாக இதைச் சோதித்துப் பார்த்தேன்: ‘மின்கலப் பெட்டி வீங்கினாலோ சீறினாலோ வெப்பக் கட்டுமீறல் நெருங்குவதாகக் கொள்க, உடனே வெளியேறி அபாய அறிவிப்புச் செய்க.’ இவ்வாசகத்தில் எந்தச் சொல்லாவது உறுத்தினால் தெரிவியுங்கள்.