மறு: சாம்ப்ளிங், மேஷ்-அப் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> சாம்ப்ளிங்குக்குத்தான் 'மாதிரியெடுப்பு' இருக்கிறதே?

புள்ளியியலுக்குச் சரி, ஐயா. இசையில் நடப்பது வேறு. பழைய இசைத்தட்டில் பதிவான ஒலியிலேயே ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைக்கிறார்கள். மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாக வாசித்தால் அது சாம்ப்ளிங் ஆகாது. அமெரிக்க வழக்குகளில் பெரிய சண்டையே இதில்தான். பிரிட்ஜ்போர்ட் வழக்கில் (2005) எடுத்தது ஃபங்கடெலிக் குழுவின் 2 நொடி கிதார் ஒலி. சுருதியைத் தாழ்த்தி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு 16 தட்டுக்கு நீட்டியிருந்தார்கள். பதிவிலிருந்து எடுத்தால் எவ்வளவு சிறிதானாலும் உரிமம் வேண்டும் என்றது ஆறாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (அமெரிக்காவில் வட்டாரவாரியாக உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று). மெட்டுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. மடோனாவின் 'வோக்' பாட்டில் வரும் 0.23 நொடி ஊதுகருவி ஒலி பற்றிய வழக்கில் (2016) ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் ஆறாம் சுற்றின் அந்த விதியை ஏற்கவில்லை. இரண்டு தீர்ப்புகளும் அப்படியே முரணாக நிற்கின்றன.

ஆகவே என் பரிந்துரை 'ஒலிவெட்டு'. வெட்டிய துண்டு 'வெட்டொலி'.

> 'இசைக்களவு' என்றால் நேரடியாகப் புரியும்.

புரியும், ஆனால் உரிமம் வாங்கிச் செய்தவரையும் கள்வர் ஆக்கிவிடும். 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கியின் சாம்ப்ளிங் வழக்கில் நியூயார்க் நீதிபதி "களவு செய்யாதிருப்பாயாக" என்ற வேதாகமக் கட்டளையோடுதான் தீர்ப்பைத் தொடங்கினார். அந்த வேலை நமக்கு எதற்கு?

> மேஷ்-அப் = பாட்டு மசியல் :-)

அதைக் கீரைக்கே விட்டுவிடலாம்! மசித்தால் எது எதுவென்று தெரியாது. மேஷ்-அப் என்பது ஒரு பாட்டின் குரலை இன்னொரு பாட்டின் இசையோடு சேர்ப்பது; இங்கே எது எதுவென்று தெரிய வேண்டும். இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸின் 'கிரே ஆல்பம்' (2004) கேட்டவர்களுக்குத் தெரியும்: குரல் ராப் பாடகர் ஜே-ஸீயுடையது, இசை பீட்டில்ஸின் 1968 வெள்ளை ஆல்பத்திலிருந்து. டிரம் அடிகளைக்கூடத் தனித்தனியாக நறுக்கி அடுக்கியிருப்பார். பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த ஈ.எம்.ஐ. இசை நிறுவனம் தடுத்தபோது, பிப்ரவரி 24 அன்று பல தளங்கள் வேண்டுமென்றே அதை இலவசமாக ஏற்றின.

ஒட்டுமாங்கன்றில் வேர் ஒரு மரம், கிளை இன்னொரு மரம். அதனால் 'ஒட்டுப்பாட்டு'. ஒட்டுப்போட்ட சட்டை நினைவுக்கு வரும் என்பவர்கள் 'ஒட்டிசை' என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். டேஞ்சர் மவுஸ் ஒலிவெட்டு செய்து ஒட்டுப்பாட்டு ஆக்கினார் என்று எழுதிப் பார்த்தேன், இடிக்கவில்லை.

ரீமிக்ஸுக்கு 'மறுகலவை' இருக்கட்டும். அப்புறம், திரும்பத் திரும்ப ஓடவிடும் துண்டான லூப்புக்கு 'சுழல்' போதுமா? இல்லை, நிரலாக்கக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா?