"ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு டாக்டர்": பெருந்தமனிக் கிழிசலும் சிடி ஸ்கேனும், நம் அனுபவங்கள்

மாரடைப்பு என்று நினைத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றப் போய், கடைசி நிமிடத்தில் நிறுத்திய ஓர் இரவைப் பற்றி எழுதுகிறேன். அது பெருந்தமனிக் கிழிசல்: இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயின் சுவர் கிழிவது. இந்த நோயைப் பார்த்தவர்களும் பட்டவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

அவசரப் பிரிவில் இரவு டியூட்டி. 54 வயதுக்காரர், பல வருட ரத்த அழுத்தம், மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறவர். வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஈசிஜியில் இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்புக்கான மாற்றம் தெளிவாக இருந்தது. சிஸ்டர் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். வலி எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். "குனிஞ்சு செருப்பை மாட்டினேன் டாக்டர். பட்டுன்னு ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு. நெஞ்சுல இருந்து முதுகுக்கு இறங்கிடுச்சு." மாரடைப்பு வலி பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும், இப்படி முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்காது. இரண்டு கையிலும் பிபி பார்த்தேன். இடது கையில் 168, வலது கையில் 112.

ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு சிடிக்கு அனுப்பினேன். இதயத்திலிருந்து மேலே ஏறும் பெருந்தமனியிலேயே கிழிசல். உள்படலம் கிழிந்து, ரத்தம் நடுப்படலத்துக்குள் புகுந்து, தனக்கென்று ஒரு பொய்ப்பாதை வெட்டிக்கொண்டு போயிருந்தது. அது வலது இதயத்தமனியின் வாயையும் அமுக்கியதால்தான் ஈசிஜி மாரடைப்பு மாதிரி காட்டியிருக்கிறது. அந்த மருந்து உள்ளே போயிருந்தால் இதய உறைக்குள் ரத்தம் கொட்டியிருக்கும். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்தார். இந்த வகைக் கிழிசலில் முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு உயிர் போகும் என்று மாணவனாகப் படித்திருக்கிறேன். அந்தக் கணக்கு அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

---

நான் சிடி டெக்னீஷியன். டாக்டர்கள் அனுப்புகிற சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எடுக்கிறோம். அதனால் அந்த ஒரு வரி எங்களுக்கு ரொம்ப முக்கியம்.

'இடது விலாவில் வலி, சிறுநீரகக் கல்லா?' என்று ஒருவர் வந்தார். கல்லுக்குக் காண்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் ஊசி மருந்து) வேண்டாம், சாதாரண ஸ்கேன் போதும். படம் திரையில் ஓடும்போது வயிற்றுப் பெருந்தமனியில் என் கண் நின்றது. வயதானவர்களுக்குத் தமனி ஓரத்தில் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அது பொதுவாக விளிம்பில்தான் இருக்கும். இவருக்கு அந்தக் கோடு தமனியின் நடுவே மிதந்துகொண்டிருந்தது. உள்படலம் சுவரை விட்டுக் கழன்று வந்தால் அது அங்கே வரும். அவரை மேசையை விட்டு இறக்கவில்லை. ரேடியாலஜி டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

உடனே வலது முழங்கை மடிப்பில், மருந்து ஏற்ற 18 கேஜ் கேனுலா (ஊசிக்குழாய்). இடது கையில் ஏற்றினால் அடர்த்தியான காண்ட்ராஸ்ட் பெருந்தமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே போய், படத்தில் கீற்று விழும். நொடிக்கு 4 மில்லி வேகம். பெருந்தமனியில் மருந்து வந்து சேர்வதை மெஷின் கண்டதும் ஸ்கேன் தொடங்கும். கழுத்தடியிலிருந்து தொடை வரை எடுத்தோம். இடது கைத்தமனி பிரிகிற இடத்துக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரை கிழிசல். ஏறும் பகுதி சுத்தமாக இருந்ததால் அறுவை இல்லாமல், பிபியையும் நாடித்துடிப்பையும் மருந்தால் அடக்கியே தேறினார். கல் இல்லவே இல்லை.

---

நான் டாக்டர் இல்லை, மகள். அம்மாவுக்கு 61 வயது. சமையலறையில் வலி வந்து மயங்கி விழுந்தார். எழுப்பினபோது வலி குறைந்திருந்தது, ஆனால் இடது கால் மரத்துப்போச்சு என்றார். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே நார்மல், வாயுவாக இருக்கும் என்றார்கள். கால் மரத்ததைப் பற்றி நான் மூன்று தடவை சொன்னேன். அப்புறம் சிடி எடுக்கலாம் என்று முடிவானதும், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வந்தால்தான் காண்ட்ராஸ்ட் போடுவோம் என்று நிறுத்தி வைத்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மா, "கிட்னிக்கு ஏதாவது வந்தால் பிறகு பார்த்துக்கலாம்மா, இதைத் தள்ளிப்போட முடியாது" என்று சொல்லி நேராக உள்ளே கொண்டுபோனார். மருந்து ஏறினதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஓடின மாதிரி இருந்தது, சிறுநீர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன் என்று அம்மா பிறகு சொன்னார். அப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே சொன்னால் நோயாளிக்குப் பாதி பயம் போய்விடும், தயவுசெய்து சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுவை முடிந்து 3 வருடம் ஆகிறது. நெருங்கிய ரத்த உறவுகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தம்பிக்கு எக்கோ எடுத்ததில் பெருந்தமனி 4.3 சென்டிமீட்டருக்கு விரிந்திருந்தது. இப்போது தொடர் கண்காணிப்பில் இருக்கிறான்.

ஒரு சந்தேகம். அம்மாவுக்கு வருடா வருடம் சிடி எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் பழைய படங்களையும் கொண்டுபோக வேண்டுமா? அறிக்கை மட்டும் போதாதா?

---

ரேடியாலஜிஸ்ட் எழுதுகிறேன். இல்லாத நோயை இருப்பதாக நான் சொல்லவிருந்த கதை இது. இளைஞர், நெஞ்சுவலி. ஏறும் பெருந்தமனியின் அடியில் பிறை மாதிரி ஒரு கோடு. அறுவைக் குழுவுக்குப் போன் போட்டாயிற்று. திரும்பக் கூர்ந்து பார்த்தால், பக்கத்து நுரையீரல் தமனியின் விளிம்பும் அதே மாதிரி இரட்டையாகத் தெரிந்தது. இதயம் துடிக்கும்போது அந்த இடமே ஆடும், அந்த அசைவு படத்தில் கிழிசல் வேஷம் போடும். ஈசிஜியோடு இணைத்து, துடிப்பின் ஒரே கட்டத்தில் பதியும்படி மறுபடி எடுத்தோம். கோடு காணவில்லை. அன்றிலிருந்து, சந்தேகம் ஏறும் பகுதி என்றால் முதல் தடவையே ஈசிஜியோடுதான் எடுக்கச் சொல்கிறேன். காண்ட்ராஸ்ட் இல்லாத முதல் சுற்றையும் நேர மிச்சத்துக்காகத் தவிர்க்காதீர்கள். கிழிசல் தெரியாமல் சுவருக்குள் மட்டும் ரத்தம் கட்டியிருந்தால் அது அந்தச் சுற்றில்தான் வெண்பிறையாகத் துலங்கும், காண்ட்ராஸ்ட் போன பிறகு அமுங்கிவிடும்.

வயதைச் சொல்லி அறுவைக்குத் தயங்குகிறவர்களுக்கு: இந்த அறுவையை உருவாக்கிய மைக்கேல் டிபேக்கிக்கே இந்தக் கிழிசல் வந்தது. 2006இல், 97 வயதில் அறுவை செய்துகொண்டு 2008 வரை வாழ்ந்தார்.

மகளுக்கு: அறிக்கை போதாதும்மா, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டையே கொண்டுபோங்கள். அறுவைக்குப் பிறகும் கீழே பொய்ப்பாதை பலருக்கு மிச்சம் இருக்கும். அது வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் விரிகிறது என்பதை, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் அளந்தால்தான் சொல்ல முடியும். முதல் நாள் எடுத்த அந்தத் தட்டு இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்தில் நகல் கேளுங்கள்.