ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாமா? மாற்றியவர்கள், மாற்றாதவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து, ஏப்ரல் 2025

வேலைக்குச் சேர்ந்த வருடம், 2018 டிசம்பரில், சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய கணினி இது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. அந்தக் கார்டு சந்தைக்கு வந்தது 2016 ஜூலையில். நான் வாங்கும்போதே பழசுதான். ஆனாலும் ஆறு வருடத்துக்கு மேலாக ஒரு நாள் கூட மக்கர் செய்ததில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு வேலரன்ட் ஆடுவோம். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். சும்மா நடந்து போகும்போது 160, 170 எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரைக்கு வரும் படங்கள்) வருகிறது. பத்துப் பேரும் ஒரே இடத்தில் மோதி, புகையும் தீயும் ஒன்றாக விழும்போது 85-க்கு இறங்கிவிடுகிறது. சரியாகக் குறி வைக்கிற நேரத்தில் படம் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. அதில் 45-ஐத் தாண்டுவதே இல்லை.

போன வாரம் ஒரு கடைக்குப் போனேன். "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்டார். முப்பதாயிரம் என்றேன். உடனே ஆர்டிஎக்ஸ் 4060 பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். என்ன ஆடுகிறேன், என்ன பிராசஸர் வைத்திருக்கிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். முப்பதாயிரம் எனக்கு ஒரு மாத வீட்டு வாடகையும் மளிகையும் சேர்ந்த தொகை. நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

கோவையிலிருந்து

கடையை விட்டு வெறுங்கையோடு வந்தது நல்ல காரியம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை என்று தோன்றுகிறது. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், பைசா செலவில்லை. வேலரன்ட்டில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் அதே மாதிரி ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு திணறுகிறது என்று அர்த்தம். ஏறாமல் அப்படியே நின்றால் கார்டு சும்மா காத்திருக்கிறது, பிராசஸர்தான் வேலையை முடித்துக் கொடுக்கவில்லை. ரெட் டெட்டிலும் இதையே செய்யுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 45 சதவீதம்தான் காட்டுகிறது என்று பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். நானும் 2021-ல் அப்படித்தான் ஏமாந்தேன். உங்கள் 2600-ல் 12 த்ரெட் இருக்கிறது, அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை ஓடும். விளையாட்டின் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் நடக்கும். அந்த இரண்டும் முழுசாக மூச்சுத் திணறினாலும், மொத்தக் கணக்கில் பாதிக்கும் கீழேதான் தெரியும். அந்தக் கணக்கை நம்பி நான் கார்டை மாற்றினேன். ஆர்எக்ஸ் 580 போய் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது. நான் அதிகம் ஆடிய விளையாட்டில் பத்து எஃப்பிஎஸ் கூடக் கூடவில்லை. அன்று இரவு கணினியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், உங்கள் ராம் இரண்டும் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு துளை இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. என் நண்பன் வீட்டில் முதலாவதிலும் இரண்டாவதிலும் பக்கத்துப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் இரண்டு ராமும் ஒரே சேனலில் (தரவுப் பாதையில்) ஓடும், வேகம் பாதியாகிவிடும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ராமை விற்ற வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போடாவிட்டால் 3000 என்று விற்ற ராம் 2133-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னை, பெரம்பூரிலிருந்து

செகண்ட் ஹேண்ட் பக்கம் போக நினைக்கிறவர்களுக்காக என் கதை.

2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் நின்றுபோனது. கார்டுகளை வைத்து நாணயம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஆரம்பித்தார்கள். விலை இறங்கியது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டி இல்லை, பபிள் ரேப்பில் சுற்றியிருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினேன், படம் வந்தது, சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்து, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகள்) என்ற இடத்தில் 2048 என்று இருக்கிறது. உண்மையான 580-ல் 2304 இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காக அதே பெயரில் 2048எஸ்பி என்று ஒன்றை விட்டிருக்கிறார்கள், அது கிட்டத்தட்ட 570-தான். கடைக்குத் திரும்பப் போனேன். "பேர்ல 580-தானே சார் இருக்கு" என்றார்கள். அதோடு முடிந்தது.

அடுத்த முறை, 2023-ல் ஆர்எக்ஸ் 6600 வாங்கப் போனபோது பென் டிரைவில் ஜிபியு-இசட்டும் ஒரு சோதனை மென்பொருளும் எடுத்துக்கொண்டு போனேன். கடையிலேயே மாட்டி இருபது நிமிடம் ஓட விடச் சொன்னேன். முதல் கார்டில் பதினைந்தாவது நிமிடம் ஃபேனிலிருந்து கரகரவென்று சத்தம். இரண்டாவது கார்டைத் திருப்பிப் பார்த்தால் மெமரி சிப் ஓரத்தில் எண்ணெய் கசிந்த மாதிரி ஒரு பளபளப்பு. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் தெர்மல் பேடிலிருந்து அந்த எண்ணெய் வெளியே வரும். மூன்றாவது சுத்தமாக இருந்தது, ஆறு மாத வாரண்டி பாக்கியோடு பில்லும் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில்தான் ஆடுகிறேன். இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்க விடாத கடையில் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் வாங்காதீர்கள்.

திருப்பூரிலிருந்து

பவர் சப்ளை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். என்னுடையது கேபினெட்டோடு இலவசமாக வந்தது. மேலே 450 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர். பழைய கார்டில் எந்தத் தொந்தரவும் இல்லை. 3060 மாட்டிய மூன்றாம் நாள், விளையாட்டின் நடுவே பட்டென்று திரை கறுத்து கணினியே அணைந்துவிட்டது. எங்கள் பகுதியில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், அதுதான் என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கினேன். நிற்கவில்லை. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து வாரண்டிக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து "கார்டு நன்றாக இருக்கிறது" என்று திரும்பி வந்தது.

கடைசியில் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் பவர் சப்ளையைக் கழற்றி ஸ்டிக்கரின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துக் காட்டினார். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது 12 வோல்ட் வரியில். அந்த வரியில் என்னுடையது கொடுக்கக்கூடியது 240 வாட் சொச்சம்தான், மீதி எல்லாம் மற்ற வோல்டேஜில் சேர்த்துக் காட்டிய கணக்கு. 3060 சராசரியாக 170 வாட் எடுக்கும், ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் அதைவிட நிறையவே மேலே போய் இறங்கும். அந்தத் துள்ளலைத் தாங்காமல் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. நல்ல 550 வாட் ஒன்று போட்டேன், அன்றோடு சரியாகிவிட்டது. மூன்று வாரமும் ஸ்டெபிலைசர் காசும் போனது போனதுதான்.

பெங்களூரிலிருந்து

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் வந்த இன்டெல்லின் ஆர்க் பி580, 12 ஜிபி, விலைக்கு ரொம்ப நல்ல கார்டு என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான், புதிய பிராசஸரோடு சேர்ந்தால். பழைய பிராசஸரில் அதன் டிரைவர் கூடுதல் வேலை வாங்குகிறது, கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் நேரடியாக எட்டவிடும் ரீசைசபிள் பார் வசதி வேறு கட்டாயம் வேண்டும். என் பத்தாம் தலைமுறை ஐ5-ல் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 2600 வைத்திருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

சென்னை, தாம்பரத்திலிருந்து

அண்ணா, நான் பகலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வீட்டு உள் அலங்கார வேலை செய்கிறேன், இரவில் ஆடுகிறேன். 12 ஜிபி மெமரி உள்ள 3060-ஆ, அதைவிட வேகமான, 8 ஜிபி உள்ள 3060 டிஐ-யா என்று இரண்டு மாதம் குழம்பினேன். தம்பி டிஐ-தான் வாங்கச் சொன்னான். நான் 12 ஜிபி எடுத்தேன். ஒரு வரவேற்பறைக் காட்சியில் சோஃபா துணி, தரை, திரைச்சீலை எல்லாம் 4கே டெக்ஸ்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) போட்டால் 9 ஜிபி வந்து நிற்கிறது. 8 ஜிபி கார்டில் அது ஒன்று ரெண்டர் ஆகாமல் நின்றுவிடும், இல்லை கணினி ராமுக்கு வழிந்து நகரவே நகராது.

விளையாட்டிலும் மெமரி போதாவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் அழகாகத்தான் தெரியும். ஆனால் திரும்பும்போது ஒரு தட்டு தட்டும், தூரத்துச் சுவர் களிமண் பூசின மாதிரி மங்கலாக நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் அண்ணா. நான்கைந்து வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் மெமரிக்குக் காசு கொடுங்கள்.

மதுரையிலிருந்து, நவம்பர் 2025

கேட்டவன் திரும்பி வந்து சொல்லாமல் இருந்தால் முறையில்லை. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

கோவைக்காரர் சொன்ன சோதனையை அன்று இரவே செய்தேன். வேலரன்ட் மோதலில் 1080-ல் 85, 720-ல் 87. ரெட் டெட்டில் 45 என்பது 74 ஆனது. ஆக வேலரன்ட்டுக்குப் பிராசஸர், ரெட் டெட்டுக்குக் கார்டு. கேபினெட்டைத் திறந்து பார்த்தால் என் ராமும் பக்கத்துப் பக்கத்துத் துளையில்தான் இருந்தது! ஆறு வருடமாக அப்படியே ஓட்டியிருக்கிறேன். இடம் மாற்றி, எக்ஸ்எம்பி போட்டதும் 85 என்பது 108-க்கு வந்தது. செலவு ஒன்றுமில்லை.

ஜூனில் ரைசன் 5 5600 வாங்கினேன். அதே பி450 போர்டில் உட்காரும், ஆனால் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மாற்றிய பிறகு செய்யலாம் என்று விட்டால் திரையே வராது. இன்னொன்று, கூலரை நேராகத் தூக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் தடவிய பழைய தெர்மல் பேஸ்ட் இறுகிப்போய் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், ஏ‌எம்4 என்ற இந்தச் சாக்கெட் வகையில் 1331 பின் பிராசஸரின் அடியில்தான் இருக்கிறது. நான் அரை மணி நேரம் விளையாடிச் சூடாக்கிவிட்டு, கணினியை அணைத்து, ஸ்குரூக்களைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினேன். சப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. பிராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது. கை நடுக்கம் நிற்க ஐந்து நிமிடம் ஆனது. அன்று முதல் வேலரன்ட் 144-க்குக் கீழே போவதே அபூர்வம், அதுவும் அதே 1060-ஐ வைத்துக்கொண்டு.

அதோடு நிறுத்தியிருப்பேன். இரண்டு விஷயம் நிறுத்தவிடவில்லை. மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது, 1060-ல் அது இல்லை. செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கிற வழியே இல்லை. அப்புறம் 1060 உள்ளிட்ட 10 தொடர் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது, இனிமேல் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் என்று என்விடியா அறிவித்துவிட்டது. கார்டு கெடவில்லை, ஆனால் புது விளையாட்டுகள் அதை விட்டு நகர ஆரம்பித்துவிட்டன.

தீபாவளி போனஸில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 5060 குறைந்த விலையில் கிடைத்தது. விட்டதற்குக் காரணம் தாம்பரம் தங்கை சொன்ன மெமரிதான், அதில் 8 ஜிபிதான். இன்னொரு காரணமும் உண்டு. என் பி450 போர்டில் கார்டு சொருகும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0. 5060 எட்டு லேனில்தான் (தரவு போகும் பாதை) பேசும், அதுவும் பழைய வேகத்தில் என்றால் மெமரி வழியும் நேரத்தில் இன்னும் திணறும். 9060 எக்ஸ்டி பதினாறு லேனையும் பயன்படுத்துகிறது. புது போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். பவர் சப்ளையையும் அதோடு மாற்றினேன், திருப்பூர்க்காரர் எழுதியதைப் படித்த பிறகு பழையதை நம்பி ஓட்ட மனசு வரவில்லை.

ரெட் டெட்டில் பனிமலையிலிருந்து இறங்கி வரும் இடத்தை மறுபடி ஆடினேன். குதிரையின் மூக்கிலிருந்து வரும் ஆவி, பனியில் குளம்பு பதிந்த தடம், எல்லாம் முன்னாடியும் இருந்ததுதான். இப்போது இழுக்காமல் ஓடுவதால் நின்று பார்க்கத் தோன்றுகிறது.

1060-ஐ விற்கவில்லை. பிரித்து, தூசி தட்டி, புது பேஸ்ட் போட்டு திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறான், பள்ளி வேலைக்கு வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. நேற்று இரவு போன் செய்தான். "மாமா, கார்டு தலையில ஆறு பின் இருக்கு, எங்க பெட்டிக்குள்ள அதுக்கு ஒயரே இல்லையே, மாத்திக் குடுக்கிற ஒயர் ஒண்ணு கடையில இருக்காம், வாங்கிரவா?" வாங்காதே, கார்டையும் இன்னும் சொருகாதே என்று சொல்லி, பவர் சப்ளை மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சின்ன எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், திருப்பூர்க்காரர் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.