தண்டுவடக் காயம்: "ஏஐஎஸ் ஏ" என்பது "பி" ஆகியிருக்கிறது, கால் அசையவில்லையே?

இளையவன்:
கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த என் அண்ணனுக்கு மார்புப் பகுதியின் 11ஆவது முள்ளெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. காயத்தின் கடுமையைக் குறிக்கும் ஏஐஎஸ் அளவுகோலின்படி முதல் நாள் "டி10, ஏஐஎஸ் ஏ" என்று எழுதியவர்கள், நான்காம் நாள் "டி10, ஏஐஎஸ் பி" என்று எழுதியிருக்கிறார்கள். கால் விரல்கூட அசையாதபோது எதை வைத்து எழுத்தை மாற்றினார்கள்? உடைந்தது 11 என்றால், 10 என்று எழுதுவது ஏன்?

மறுவாழ்வு மருத்துவர்:
"டி10" என்பதில் "டி" (T) மார்புப் பகுதியைக் குறிக்கும்; பத்து என்பது எலும்பின் எண் அன்று. இரு பக்கமும் உணர்வும் இயக்கமும் இயல்பாக உள்ள கடைசித் தண்டுவடக் கூறின் எண். உங்கள் அண்ணனுக்குத் தொப்புள் மட்டம் வரை உணர்வு சரியாக இருக்கிறது என்று பொருள்.

"ஏ"வா "பி"யா என்பதைத் தீர்மானிப்பது கால் அன்று, தண்டுவடத்தின் கடைசிக் கூறுகளான எஸ்4, எஸ்5. அதனால்தான் ஆசனவாயைச் சுற்றிப் பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்து, விரலை உள்ளே வைத்து அழுத்தம் தெரிகிறதா, சொன்னால் இறுக்க முடிகிறதா என்றும் சோதிக்கிறோம். கூச்சம் கருதி இதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் எழுத்துக்கு மதிப்பில்லை. அங்கே உணர்வும் இயக்கமும் அறவே இல்லையென்றால் "ஏ". உணர்வு மட்டும் இருந்தால் "பி". கால்கள் அசையாவிட்டாலும் ஆசனவாயைத் தானாக இறுக்க முடிந்தால் அது "சி" ஆகிவிடும். 1969இல் வெளியான ஃபிராங்கெல் வகைப்பாட்டில் இந்த வரையறை இல்லை. 1992இல் அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின் ஏஐஎஸ் அளவுகோல் அதற்கு மாற்றாக வந்தபோதுதான் இது சேர்ந்தது.

முதல் நாள் எழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டுவட அதிர்ச்சியும் (காயம்பட்டதும் அதன் கீழே தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழப்பது) மயக்க மருந்தும் வலியும் சோதனையைக் குழப்பும் என்பதால், 72 மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையையே நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

பிசியோதெரபிஸ்ட்:
தசைகளைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். கைகால்களில் பக்கத்துக்குப் பத்து முக்கியத் தசைக் குழுக்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுவோம்; புவியீர்ப்பை எதிர்த்து முழுமையாக அசைத்தால் 3. இயக்கம் ஓரளவாவது மிஞ்சியவர்களுக்கு, காயத்துக்குக் கீழுள்ள முக்கியத் தசைகளில் பாதியாவது 3ஐ எட்டினால் "டி" (D), எட்டாவிட்டால் "சி". எனவே "சி"யிலிருந்து "டி"க்கு மாறுவது ஓரிரு தசைகளின் கதையாகவும் இருக்கலாம். எழுத்தைவிட மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இளையவன்:
நன்றி ஐயா. தாளில் எஸ்4-5 எதிரே பஞ்சுக்கு 1, ஊசிக்கும் 1 என்று இருக்கிறது. இது நல்லதா?

மறுவாழ்வு மருத்துவர்:
0 என்றால் இல்லை, 1 என்றால் குறைந்தோ மாறுபட்டோ இருக்கிறது, 2 என்றால் கன்னத்தில் குத்தினால் தெரிவது போலவே தெரிகிறது. கூர்முனையையும் மொட்டைமுனையையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் ஊசிக்கு 0தான்; அவருக்கு 1 கிடைத்திருப்பதால் பிரித்துச் சொல்லியிருக்கிறார். கூர்மையைக் கடத்தும் நரம்புப் பாதை இயக்கப் பாதைக்கு அருகில் செல்வதால், பஞ்சு மட்டும் தெரிகிறவர்களைவிட ஊசியும் தெரிகிறவர்களுக்கு நடை திரும்பும் வாய்ப்பு கூடுதல். உறுதி சொல்ல முடியாது, ஆனால் இதே "பி"க்குள் அவர் இருப்பது நல்ல பக்கத்தில்தான். சிறுநீர் வெளியேற்றும் முறையையும் முதுகுப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த சோதனையின்போது இந்தத் தாளை உடன் எடுத்துச் செல்லுங்கள்.